மீன்மேல் போட்ட பழி

எனக்கு மீன் ஆகாது என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர், என் கடையில் உட்கார்ந்து, நான் வைத்த சீலாமீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்கள். "எக்கா, கரப்பான் புண்ணுக்கு மொத எதிரியே மீனுதான். விட்டுருங்க" என்பார் ஒருவர். சொன்ன கையோடு, "நடுத்துண்டு ஒண்ணு வையுங்க" என்பார். நானும் வைப்பேன். வியாபாரம் செய்கிறவள் வாயை அடக்கித்தான் ஆகவேண்டும். இப்போது கை ஆறிவிட்டது. அன்றைக்கெல்லாம் வாய்க்குள்ளேயே போட்டு மென்றதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். என்னைப் போல விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவட்டும்.

என் பெயர் பிலோமினா. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள், புக்கிங் ஆபீஸ் ஆட்கள், குடோனில் மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாம் வாடிக்கை. என் வீட்டுக்காரர் சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கடைக்குப் பின்னால் இருக்கிற குசினி முழுக்க முழுக்க என்னுடையது. அதில் அவருக்கு உப்புப் பார்க்கிற வேலைகூடக் கொடுத்ததில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வெளியூர் போனது அந்த அடுப்பை வைத்துத்தான். அந்த அடுப்பு என் கையை விட்டுப் போகப் பார்த்த கதைதான் இது.

முதலில் இடது கையில் மட்டும் வந்தது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றின் நுனியும் வறண்டு, தோல் உரிந்து, குறுக்கே வெடித்தது. வெடிப்பில் புளித்தண்ணீர் பட்டால் உயிர் போகும். பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சோப்பை மாற்றினேன். பிறகு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அந்த அண்ணாச்சி என் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் கையை நீட்டி ஒரு ட்யூபை எடுத்து, "ராத்திரிக்கு ராத்திரி போடுங்க, பறந்துரும்" என்றார்.

பறக்கத்தான் செய்தது. நாலைந்து நாளில் விரல் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கோ பெரிய சந்தோஷம். ட்யூபை நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக வந்தது. மறுபடி ட்யூப், மறுபடி சுகம், மறுபடி வெடிப்பு. இப்படியே ட்யூப் மேல் ட்யூப் வாங்கினேன். அதற்குள் மூன்று மருந்து கலந்திருக்கிறது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்று படர்தாமரைக்கு, ஒன்று கிருமிக்கு, மூன்றாவது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அமர்த்திவிடும். அது கெட்ட மருந்து இல்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு, சொன்ன அளவுக்குப் போட்டால் நல்ல மருந்து. கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துபோகும். என் விரலில் அதுதான் நடந்தது. என்ன வியாதி என்றே தெரியாமல், மூன்றில் ஒன்றாவது கேட்காதா என்று குருட்டாம்போக்கில் போடுகிற மருந்தை மிட்டாய் விற்கிற மாதிரி விற்கிறார்கள். கேட்க ஆளில்லை.

இதற்கிடையில் வாடிக்கைக்காரர்கள் என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நேராகப் பார்க்கமாட்டார்கள். இலையைப் பார்க்கிற மாதிரி குனிந்து, ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டேன். அது இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. தினமும் வருகிற லாரிக்காரர்கள் சிலர் எதிர்த்த வரிசைக் கடைக்குப் போனார்கள். போகிறபோது எனக்குக் கேட்கிற மாதிரியே ஒருவர், "நல்ல பொம்பளதான், பாவம், கையில தொத்து வந்துட்டு" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கரண்டியை எடுத்து எறியலாமா என்றிருந்தது. உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

வீட்டுக்காரர் என்னைத் தோல் வியாதிக்கென்று பளபளவென்று திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் என் கையைத் தொடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "அலர்ஜி. பிளட் டெஸ்ட் எடுத்துருங்க" என்றார். ஒரு குழாய் ரத்தத்தில் உலகத்தில் உள்ள சாமான் எல்லாவற்றுக்கும் அலர்ஜி பார்த்துவிடலாமாம். பில்லைக் கண்டதும் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். துடைத்ததால் ஒன்றும் குறையவில்லை.

ரிப்போர்ட் பக்கம் பக்கமாக வந்தது. இறால், நண்டு, மீன், கத்திரிக்காய், நிலக்கடலை, வீட்டுத் தூசி என்று வரிசையாகச் சிவப்பில் போட்டிருந்தது. டாக்டர் பேனாவால் மீனைச் சுற்றி வட்டம் போட்டார். "கடல் சாப்பாடு அறவே கூடாது. தொடவும் கூடாது." அவ்வளவுதான் வைத்தியம். நீ என்ன வேலை செய்கிறாய், கையால் எதைத் தொடுகிறாய், ஏன் மூன்று விரலில் மட்டும் வந்திருக்கிறது? ஒரு கேள்வி கிடையாது. வந்த காலோடு வெளியே அனுப்பிவிட்டார். மீன் சோறு போட்டுப் பிழைக்கிற பொம்பளையைப் பார்த்து மீனைத் தொடாதே என்று சொல்லும்போது, அவள் என்ன செய்து பிழைக்கிறாள் என்றாவது கேட்க வேண்டாமா?

கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீனை நிறுத்துவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மீன் வாடை இல்லாத நாள் பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குக் கஞ்சி. எனக்கு வருஷம் பூராவும் பெரிய வெள்ளியாகிவிட்டது. மீனைக் கழுவி நறுக்க ஓர் ஆள் வைத்துக்கொண்டேன். குழம்பை ருசி பார்க்காமல் மணத்தை வைத்தே இறக்கினேன். ஆனாலும் கை ஆறவில்லை. "கருவாட்டுப் பானைய வீட்ட விட்டு வெளிய போடுங்க" என்றார்கள். போட்டேன். கத்திரிக்காயை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். சாப்பிட மிச்சமிருந்தது பருப்பும் கோபமும்தான்.

அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற மாதங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்ச மீனும் யானை விலை குதிரை விலை. அந்த மாதங்களில் என் கடையில் மீன் குழம்பு பெயருக்குத்தான். பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், புளிக்குழம்பு என்று சமாளிப்பேன். கடையில் மீனே இல்லாத அந்த மாதங்களில்தான் என் கை ரணகளமாயிற்று. விரல் நுனியில் இருந்தது உள்ளங்கைக்கு இறங்கியது. நீர்க்கொப்புளம் வேறு.

இதை நான் கவனிக்காமல் இல்லை. சொல்லவும் செய்தேன். "ஏளா ஸ்டெல்லா, மீனே இல்லாதப்ப எப்படிடி கூடுது?" என்று என் நாத்தனாரிடம் கேட்டேன். ஸ்டெல்லா என் வீட்டுக்காரரின் தங்கச்சி. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள்.

"போன மீனோட வெசம் இப்பதான் வெளிய வருது மைனி" என்றாள்.

மாதாவே! மீன் இருந்தால் மீனால். மீன் இல்லாவிட்டால் போன மீனால். இந்தப் பழியில் இருந்து மீன் எப்படித் தப்பிக்கும், சொல்லுங்கள்.

ஸ்டெல்லா சும்மா இருக்கமாட்டாள். பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் போட்டு, அடுப்பில் வைக்காமல் வெயிலில் வைத்து ஊறவிட்ட எண்ணெய் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் மாமியார் வழி வைத்தியமாம். சாயங்காலம் சாயங்காலம் வந்து, என் கையைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவுவாள். என் கையைத் தொட அருவருப்புப் படாத ஒரே ஆள் அன்றைக்கு அவள்தான். வீட்டுக்காரர்கூட அந்நாட்களில் தன் காப்பியைத் தானே ஆற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். கேட்டால், "உனக்கு எதுக்கு செரமம்" என்பார். என்ன சிரமம் என்று எனக்குத் தெரியாதா?

எண்ணெய் போடப் போட எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் ஸ்டெல்லா. நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருநாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. விடிந்து பார்த்தால் இடது கை முழங்கை வரைக்கும் வீங்கி, சிவந்து, அடுப்பாய்க் கொதித்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வெளிநோயாளிகள் பெஞ்சில் என்னை உட்காரவைத்ததும், பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். நெரிசலான அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. ஒருத்தி வாய்விட்டே கேட்டாள், "பெருவியாதியாம்மா?" நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கமாக வந்த நர்சம்மா நின்றுவிட்டார். "இது குஷ்டம் இல்ல. அதுவா இருந்தாலும் மாத்திரையில சரியாப் போற வியாதி. பெஞ்ச விட்டு ஓடுறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. அங்கன நிக்கிறவங்க இங்கன வந்து உக்காருங்க" என்று அதட்டினார். யாரும் வந்து உட்காரவில்லை. ஆனாலும் அந்த ஒரு அதட்டலுக்காக அந்த நர்சம்மாவை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். 'செல்லுலைட்டிஸ்' என்று கேஸ் சீட்டில் எழுதினார்கள். வெடித்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போய், தோலுக்கு அடியில் இருக்கிற சதையில் பரவுகிறதாம். கவனிக்காமல் விட்டால் ரத்தத்தில் கலந்துவிடுமாம். வலது கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். இடது கையை மருந்து வைத்துக் கட்டி, தலையணை மேல் தலையணை வைத்து உயர்த்தி வைத்தார்கள். உயர்த்தி வைத்தால்தான் வீக்கம் வடியும். ஆக இரண்டு கையும் எனக்கு இல்லை. மூக்கு அரித்தால்கூட ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஸ்டெல்லா வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். தலை சீவிவிட்டாள். முகம் துடைத்துவிட்டாள். இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள். "வாயத் தொறங்க மைனி. பச்சப் புள்ள மாதிரி அடம் பிடிக்கியளே" என்று ஏசி ஏசி ஊட்டினாள். ஊருக்கெல்லாம் சோறு போட்டவள் நான். அடுத்தவர் கையால் வாங்கித் தின்பது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. முதல் நாள் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பக்கத்துக் கட்டிலில் வேம்பாரில் இருந்து வந்திருந்த உப்பளத்துக்காரப் பொம்பளை, காலில் புண். "ரெண்டு பேருமா அழுதா யாரு யாருக்குத் தொடைக்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஊசி மருந்து நன்றாக வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. கட்டை அவிழ்த்தபோது விரல்கள் மூன்றும் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தன. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத என் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் வீட்டுக்காரர் வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். கூடவே ஏரலில் பரோட்டாக் கடை வைத்திருக்கிற ஒருவர், வெள்ளைச் சட்டையோடு. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்.

"ஏளா பிலோமி, நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர். "கடைய இவருக்கு விட்டுருவோம். மாசாமாசம் வாடக வந்துரும். நீ சும்மா வீட்டுல இரு. மீனத் தொட்டாத்தான உனக்கு வருது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"இப்பக் கேக்கத்தான வந்திருக்கேன்."

ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டுக் கேட்கிறாராம். ஏரல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒடம்புதான் முக்கியம்க்கா. அடுப்ப மட்டும் கொஞ்சம் மாத்திக் கெட்டணும். பரோட்டாக் கல்லு பெருசு" என்றார். என் அடுப்பை இடிக்கிறதுவரைக்கும் திட்டம் போயிருக்கிறது. எழுந்து அவர் கழுத்தைப் பிடிக்க எனக்குக் கை இல்லை; ஒன்று இன்னும் தலையணை மேல், ஒன்றில் டிரிப். "டாக்டர் என்ன சொல்லுதாவன்னு தெரியட்டும். அது வரைக்கும் சாவியக் குடுத்தியளோ, நான் வீட்டுக்கே வரமாட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். மனசோடு ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அவர்கள் போனபின் எனக்குப் படபடவென்று வந்தது. ஸ்டெல்லா என்னைத் தேற்றத் தெரியாமல், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து அந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து, "சட்டுன்னு முழுசா ஆறிட்டா அண்ணன் வாயத் தொறக்க முடியாதுலா" என்று விரலில் தொட்டு வைத்தாள். அவசரத்தில் குப்பி சரிந்து, எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் ஓடியது. துடைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, எண்ணெய் ஓடிய தடத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரி சிவந்து, கொப்புளம் கொப்புளமாக நின்றது. விரல்களும் பழையபடி ஆகிவிட்டன.

வார்டு டாக்டர்கள் தோல் பிரிவில் இருந்து ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தார்கள். சின்ன வயசு. வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைத் தன் கையில் எடுத்தார். கையுறை போடாமல் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "என்ன வேலம்மா செய்யுறீங்க?"

அவ்வளவுதான், நான் ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், அவர் பயந்துவிட்டார். இத்தனை மாதத்தில், இத்தனை பணம் செலவழித்து, என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"சோத்துக்கடைம்மா. மீன் குழம்பு."

"எப்ப ரொம்ப மோசமாச்சு?"

"தடைக்காலத்துல."

"அப்ப மீன் இருக்காதே?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். யாரு கேக்கா!"

"மீன் இல்லாதப்ப என்ன குழம்பு வைப்பீங்க?"

"பூண்டுக் குழம்பும்மா. கூடை கூடையா உரிப்பேன்."

"உரிச்சுக் காட்டுங்க பாப்போம். சும்மா, கையில பூண்டு இருக்கிற மாதிரி" என்றார் டாக்டரம்மா. டிரிப் கழற்றியிருந்ததால் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினேன். பூண்டைப் பிடிக்கிறது இடது கை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். கத்தி வலது கையில். சரியாக அந்த மூன்று விரல். டாக்டரம்மா முழங்கையில் இருந்த கோட்டைத் தொட்டு, "இந்த வழியா என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பையில் இருந்து குப்பியை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஸ்டெல்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் நல்லதுக்குத்தாம்மா..." என்றாள். அவளை ஏசத்தான் வாயைத் திறந்தேன். இட்லி ஊட்டின கையைப் பார்த்ததும் என்னத்தை ஏச?

டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அலர்ஜி எல்லாம் ஒரே வகை இல்லை. ஒரு வகை, தின்ற கொஞ்ச நேரத்தில் வாய் அரித்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டுகிறது. இன்னொரு வகை, தோலில் படுவதால் வருவது. பட்டதும் வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். நாங்கள் சொன்ன அந்தக் கிளினிக் ரத்தப் பரிசோதனை முதல் வகைக்கு உள்ளது. அதிலும் சிவப்பாக வந்துவிட்டால் அலர்ஜி என்று அர்த்தமில்லை. தினமும் மீன் தின்றும் ஒன்றும் செய்யாதவர்கள் ரத்தத்தில்கூட அப்படி வரலாம்.

"மீன் தின்னா உங்களுக்கு என்னைக்காவது வாய் அரிச்சிருக்கா? தடிச்சிருக்கா? மூச்சு முட்டிருக்கா?"

"பொறந்ததுல இருந்து இல்ல."

"அப்ப எதுக்கு நிறுத்துனீங்க? நல்லாச் சாப்பிடுங்க."

நான் நிறுத்தவில்லை தாயே, நிறுத்திவைத்தார்கள்.

உறுதி செய்ய 'பேட்ச் டெஸ்ட்' பார்க்க வேண்டும், கை நன்றாக ஆறி, அவர் கொடுக்கிற மாத்திரைகள் நின்றபின்தான் பார்க்கலாம் என்றார். சில வாரம் வீட்டில் இருந்தேன். ஏரல்காரர் இரண்டு தடவை வந்து, சாமான் வைக்கிறதற்கு இடம் அளந்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் அவருக்கு டேப் பிடித்துக் கொடுத்தார். "அளந்து பாத்தா என்ன, கொடுத்துட்டமா?" என்றார் என்னிடம்.

பேட்ச் டெஸ்ட் என்றால் ஒன்றும் பயப்பட வேண்டாம். ஊசி கிடையாது. சந்தேகப்படுகிற பொருள்களைத் தக்க அளவில் களிம்பில் கலந்து, பொட்டுப் பொட்டாக முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் வேர்க்காமல் இருக்கிறதாம்! ஃபேனுக்கு அடியில் முதுகைக் காட்டி ஒரே இடத்தில் கிடந்தேன். பிறகு பிரித்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். பச்சைப் பூண்டை நசுக்கி வீட்டிலேயே ஒட்டிப் பார்த்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பச்சைப் பூண்டு யார் தோலையும் சுட்டுவிடும். டாக்டரம்மா இதை எங்களிடம் சொல்லும்போது ஸ்டெல்லாவைப் பார்த்தே சொன்னார்.

கடைசி நாள் ஸ்டெல்லாதான் கூட வந்தாள். டாக்டரம்மா செல்போனில் என் முதுகைப் படம் பிடித்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் சும்மா கிடக்க, பூண்டு ஒட்டிய இடத்தில் மட்டும் சிவந்து தடித்துக் குட்டிக் குட்டிக் கொப்புளம். அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பாசத்தோடு என் பிள்ளைகளைக்கூட நான் பார்த்திருக்கமாட்டேன். பச்சைப் பூண்டைத் தொடக் கூடாது, மெல்லிசுக் கையுறையை நம்பக் கூடாது, பூண்டுச் சாறு அதற்குள்ளும் புகுந்துவிடும், வேறு ஆள் உரித்துப் போட்டால் கரண்டியால் தாராளமாகச் சமைக்கலாம் என்றார். கையைக் கழுவியதும் வேசலின் தடவச் சொன்னார். இது ஒருத்தரிடம் இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது என்று, நான் கேட்காமலே, இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் வந்து இறங்கும்போது கடை வாசல் பெஞ்சில் ஏரல்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர். சாவி அவர் சட்டைப் பையில்.

"என்ன சொன்னாவ?" என்றார் வீட்டுக்காரர்.

"பூண்டு."

"மீனு?"

"மீனு ஒரு பாவமும் செய்யல."

ஏரல்காரர், "அப்ப அந்தத் தொத்து...?" என்று இழுத்தார்.

"தொத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கடையும் உங்களுக்கு இல்ல. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பி குடிக்காமலே போனார். நான் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். இடது கையைத்தான் விட்டேன். அவர் ஒதுங்கவில்லை. "எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னாவ. நானும் நம்பிட்டேன். என்னைய என்ன செய்யச் சொல்லுத?" என்றார்.

"கேக்கச் சொல்லுதேன். ரெண்டு கையும் இல்லாம நான் கட்டில்ல கெடக்கயில, என் அடுப்ப இடிக்க ஆளக் கூட்டிட்டு வந்தியள்லா, அப்ப ஒரு வார்த்த கேட்டிருக்கணும்னு சொல்லுதேன். ஊருக்காரங்க பயந்தாங்க. அவங்களுக்கு நான் யாரோ. ஒங்களுக்கு என்ன வந்துச்சு? கையத் தொட்டா செத்தா போவிய?"

தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

மறுநாள் விடிகாலையில் கடையைத் திறந்தேன். குசினியைக் கழுவி அடுப்பைப் பற்றவைத்தேன். வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கிளம்பி யூனிபார்மோடு வந்து, "நான் வாரேன்" என்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். பூண்டுக் கூடையையும் கத்தியையும் அதற்கு முன்னால் வைத்தேன்.

"உரிங்க."

"நானா?"

"வேற யாரு?"

கிரேன் ஓட்டுகிற மனுஷர், யூனிபார்மோடு உட்கார்ந்து பூண்டு உரித்தார். உரிக்கவும் தெரியவில்லை, பாதிப் பூண்டு தோலோடு போயிற்று. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாளும் உட்கார வைத்தேன். அதற்கு மறுநாளும். கையில் பூண்டு நாற்றம் போகவில்லை என்று துறைமுகத்தில் கேலி பண்ணுகிறார்களாம். பண்ணட்டும். லாரிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை.

போன வாரம், உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏளா பிலோமி, இது எத்தன நாளைக்கு?"

"நானும் டாக்டரம்மாட்ட அதத்தான் கேட்டேன்" என்றேன். "ஒருக்க வந்துட்டா ஆயுசுக்கும் போகாதாம்."

அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.